மறந்தவனின் இரகசியம்

தருமபுரியிலிருந்து சேலம் செல்லும் நெடுஞ்சாலையில் தொப்பூர்க் கணவாய் நெருங்கும்போது, பேருந்தில் அமர்ந்திருப்போர் தம்மையறியாமலே பேச்சைக் குறைத்துக்கொள்வதை நாம் கண்டிருக்கிறோம். அங்குள்ள இரட்டைப் பாலத்தருகே 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் நிகழ்ந்த விபத்துகளில் ஒவ்வொரு முறையும் நால்வர் மாண்டனர். மாண்டோரைப் பற்றிச் செய்தித்தாள்கள் எழுதின. இத்தகைய சாலைகளில் தலையில் அடிபட்டுப் பிழைத்து வீடு திரும்புவோரைப் பற்றி எழுதுவார் இல்லை. அவர்களைக் குறித்தே இங்குச் சிறிது எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

"உயிர் பிழைத்தானே, அல்ஹம்துலில்லாஹ்" என்று வீட்டார் ஆறுதல் கொள்ளும் நாளில்தான் மூளைக்காயத்தின் நெடுவழி தொடங்குகிறது. சிலருக்கு வலிப்பு வரும். சிலருக்கு மறதி, சிலருக்கு மணம் அறியும் உணர்வே போய்விடும். நேற்றுவரை அதிர்ந்து பேசாதவர் இன்று சோற்றுத் தட்டை வீசியெறிவார். முதியவராயின், சின்ன அடிதானே என்று விட்டுவிட்ட பிறகும், சில வாரங்கள் கழித்து மண்டையோட்டினுள் குருதி கட்டிக்கொள்ளக் கூடும். ஆகவே மருத்துவரின் கண் தொடர்ந்து அவர்மீது இருந்தாக வேண்டும். பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையோ தருமபுரிக்குச் சுமார் 130 கிலோமீட்டர் தொலைவு. பென்னாகரத்துக் கூலிக் குடும்பம் ஒன்று, ஐந்து நிமிடம் பேசிவர ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும்; துணைக்குப் போகிறவரின் கூலியும் சேர்ந்து போகும்.

இந்த இடத்தில்தான் கைப்பேசிச் செய்தி கைகொடுக்கிறது. தலைவலி கூடுகிறதா, வாந்தி உண்டா, வலிப்பு மாத்திரை தீர்ந்துவிட்டதா என்று அங்கிருந்து கேட்கலாம். இங்கிருந்து விடை எழுதலாம். 2020 மார்ச் 25ஆம் நாள் வெளியான தொலைமருத்துவ நெறிமுறைகள் எழுத்துவழி ஆலோசனைக்கும் இடமளிக்கின்றன.

வழியில் பிறர் படித்துவிட மாட்டார்களா என்ற அச்சம் நியாயமானதே. சாதாரணக் குறுஞ்செய்திக்கு அத்தகைய பூட்டு இல்லை. (தமிழில் எழுதினால் அதில் 70 குறிகள்தாம் அடங்கும், 'கொ' என்னும் ஓரெழுத்தே இரண்டு குறிகளை விழுங்கிவிடும். நோயைச் சொல்ல அது எவ்வாறு போதும்?) வாட்ஸ்அப் 2016 ஏப்ரலில் தன் செய்திகள் அனைத்துக்கும் பூட்டிட்டது, அனுப்புவோரும் பெறுவோருமன்றி இடையில் எவரும் படிக்க இயலாது. நன்று. ஆனால் அது வழிக்கு இட்ட பூட்டு, வீட்டுக்கு இட்டதன்று. நம் வீடுகளில் கைப்பேசி யாருக்குரியது? பகலில் தம்பியிடம் இருக்கும். மாலையில் பிள்ளைகளின் விளையாட்டுக்கு. திண்ணையில் கிடக்கும்போதே அதன் முகப்பில் செய்தி ஒளிரும். தலையின் ஸ்கேன் படத்தில் மூலையில் பெயரும் வயதும் இருக்கும். "துஆச் செய்யுங்கள்" என்று மைத்துனர் அதை உறவினர் குழு முழுமைக்கும் அனுப்பிவிடுவார். அன்பினால்தான் செய்கிறார். துஆவுக்குப் படம் எதற்கு என்று கேட்டால் வருத்தப்படுவார்.

இதனினும் கடினமான வினா ஒன்றுண்டு. நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப்பகுதி அடிபட்ட சிலர் தம் குறையையே அறியார். மருத்துவர் கேட்டால் "நலம்" என்றே எழுதுவர். அது பொய்யன்று, அவருக்கு அப்படித்தான் தோன்றுகிறது. தட்டு பறந்ததை அறிந்தவள் மனைவி. அவள் அதனை மருத்துவருக்கு எழுதாவிட்டால் சிகிச்சை பிழைபடும். கணவன் அறியாமல் எழுதினால் அவனது மானத்தைப் பிறரிடம் ஒப்படைத்தவளாவாள். தன் நிலையைத் தானே அறியாதவனுக்கு இரகசியம் என்று ஒன்று உண்டா?

உண்டென்றே நாம் கருதுகிறோம். எத்தீமின் பொருளை நினைத்துப் பார்ப்போம். குழந்தைக்குத் தன் நிலத்தின் எல்லை தெரியாது. அதனால் நிலம் காப்பாளருடையதாகிவிடுவதில்லை. காப்பாளர் அதனைக் குழந்தையின் நலனுக்காகவே கையாளலாம். குழந்தை வளர்ந்து பக்குவம் அடைகிறதா என்று பார்த்துப் பார்த்து, ஒருநாள் திருப்பிக் கையளிக்கவும் வேண்டும். நோயாளியின் செய்தியும் அவ்வாறே அமானிதம். மனைவி எழுதட்டும், மருத்துவருக்கு மட்டும் எழுதட்டும். எழுதுவதை அவனிடம் சொல்லிவிட்டே எழுதட்டும், அவன் சினந்தாலும், மறுநாள் மறந்தாலும். மறந்தால் மறுபடியும் சொல்லட்டும்.

நம் குடும்பங்கள் தவறுவது பெரும்பாலும் திருப்பிக் கொடுக்கும் கட்டத்தில்தான். மூளைக்காயத்திலிருந்து மீள்வது மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நிகழ்வது. முதல் மாதத்தில் கடவுச்சொல்லை வாங்கிக்கொண்ட அண்ணன், ஓராண்டு கழித்துத் தம்பி கடைக்கணக்கை மீண்டும் எழுதத் தொடங்கிய பின்பும் அவன் செய்திகளைத் தானே திறந்து படித்துக்கொண்டிருப்பார். கேட்டால், "அவனுக்கு என்ன தெரியும்?" என்பார். மேற்சொன்ன நெறிமுறைகளும், தன்னிலை உள்ள நோயாளிக்காகப் பிறர் ஆலோசனை கேட்க அவருடைய ஒப்புதலை வேண்டுகின்றன. தன்னிலை எப்போது மீண்டது என்பதை எந்தக் கருவியும் அறிவிக்காது. உடனிருப்பவர்தாம் பார்த்துணர வேண்டும். சிறிது சிறிதாக விட்டுக்கொடுக்க வேண்டும். முதலில் மாத்திரை நினைவூட்டல் அவன் கைக்கே வரட்டும். மறுமாதம் விடைகளை அவனே எழுதி அவளிடம் காட்டட்டும். பிழையாக எழுதினால் திருத்திக்கொள்ளலாம்.

அமானிதத்துக்கும் எல்லை உண்டு. லாரி ஓட்டுவதே பிழைப்பாக உள்ளவனுக்கு வலிப்பு வருகிறதென்றால், அதை மறைத்து அவனை மீண்டும் அக்கணவாய்க்கு அனுப்புவது நம்பிக்கை காப்பது ஆகாது. ஓட்டுநர் உரிமத்துக்கான படிவமே வலிப்பு உண்டா என்று கேட்கிறது. லாரி உரிமையாளரிடம் சொல்லத்தான் வேண்டும். ஆயினும் இவன் இப்போது வண்டி ஓட்டலாகாது என்று சொன்னால் போதும். தட்டு பறந்த கதை அவருக்குத் தேவையில்லை.