கணக்குப் புத்தகமும் பாகவதமும்

‘காலமெல்லாம் கல்லாவிலேயே போய்விட்டது, இனிமேல் எங்கே பகவானை நினைப்பது?’ என்று அலுத்துக்கொள்கிறவர்கள் நம்மில் நிறையப் பேர். அவர்களுக்காகவே இன்று பக்திவேதாந்த சுவாமி பிரபுபாதரைப் பற்றிப் பேச வந்தேன். காவி உடுத்த பெரியவராகத்தான் அவரைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அதற்கு முன்னால் அவர் மருந்து வியாபாரி.

1896-இல் கல்கத்தாவில் ஒரு துணி வியாபாரி வீட்டில் பிறந்தார். அபய் சரண் என்று பெயர். ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரியில் படித்துத் தேர்வும் எழுதியவர், காந்தியடிகளின் அழைப்பைக் கேட்டுப் பட்டம் வேண்டாம் என்று விட்டுவிட்டார். பிறகு மருந்துக் கம்பெனியில் உத்தியோகம். 1922-இல் பக்திசித்தாந்த சரஸ்வதியைத் தரிசித்தார். சைதன்ய மகாபிரபுவின் உபதேசத்தை உலகெங்கும் கொண்டுபோகச் சொன்னார் அந்த மகான்.

மறுநாளே அபய் வீட்டை விட்டுக் கிளம்பினார் என்று சொன்னால் கதை ருசிக்கும். ஆனால் அப்படி நடக்கவில்லை. அடுத்த வருஷம் அலகாபாத்துக்குக் குடிபோய் ‘பிரயாக் பார்மஸி’ என்று மருந்துக் கடை திறந்தார்! பெண்டாட்டி, பிள்ளைகள், ரயிலேறி ஊர் ஊராகச் சரக்கு விற்பது என்று வருஷங்கள் ஓடின. கடைசியில் தொழிலும் நொடித்தது. பகவான் சோதித்தார் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. கடை போனாலும் கடையில் கற்றது போகவில்லை என்பதுதான் நான் பார்ப்பது.

1944-இல், யுத்தத்தால் காகிதம் கிடைக்காத சமயத்தில், ‘பேக் டு காட்ஹெட்’ என்ற ஆங்கிலப் பத்திரிகையை ஆரம்பித்தார். எழுதுவது, தட்டச்சு செய்வது, பிழை திருத்துவது எல்லாம் அவரேதான். பின்னாளில் டெல்லியில் டீக்கடை டீக்கடையாகப் போய் அதை விற்றார். முன்பின் தெரியாதவர் எதிரே போய் நின்று பேச்சுக் கொடுக்கிற துணிச்சல், மருந்துப் பெட்டியோடு அலைந்த காலத்தில் வந்ததுதானே?

1959-இல் சந்நியாசம். பாகவதத்தின் முதல் ஸ்கந்தத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து, மூன்று பாகங்களாக அச்சிட்டார். சிந்தியா கப்பல் கம்பெனியை நடத்திய சுமதி மொரார்ஜி அமெரிக்கா போக இலவசமாக ஒரு டிக்கெட் தந்தார். 1965 ஆகஸ்ட் 13 அன்று ‘ஜலதூதா’ சரக்குக் கப்பல் கல்கத்தாவை விட்டுக் கிளம்பியது. கொழும்பைத் தொட்டு கொச்சிக்கு வந்தபோது புத்தகப் பெட்டிகள் ஏறின. நடுக்கடலில் இரண்டு முறை மாரடைப்பு. 69 வயது பிறந்ததும் கடலில்தான். கையில் நாற்பது ரூபாய். அதுவும் அமெரிக்காவில் செல்லாது. வியாபாரிக்குக் கை சும்மா இருக்குமா? கப்பல் தலைவரிடமே மூன்று பாகத்தையும் 20 டாலருக்கு விற்றுவிட்டார்!

பென்சில்வேனியாவில் பட்லர் என்ற சின்ன ஊரில்தான் முதலில் தங்கினார். பித்தளை அடுக்குக் குக்கர் ஒன்று கூடவே கொண்டுபோயிருந்தார். பருப்பும் காய்கறியும் சாதமும் தட்டுத் தட்டாக ஒரே அடுப்பில் வேகும். தங்க இடம் கொடுத்த வெள்ளைக்கார அம்மாள் வீட்டுச் சமையலறையில் நின்று தன் சாப்பாட்டைத் தானே சமைத்துக்கொண்டார். பிறகு நியூயார்க். இரண்டாம் அவென்யூ 26-ஆம் எண்ணில், பழைய கடை ஒன்றை வாடகைக்குப் பிடித்துக் கீதை சொன்னார். ‘ஒப்பற்ற பரிசுகள்’ என்று பொருள்படும் பழைய பெயர்ப்பலகையைக்கூடக் கழற்றவில்லை. 1966 ஜூலையில் அங்கேயே ‘இஸ்கான்’ என்ற கிருஷ்ண பக்தி இயக்கத்தைப் பதிவு செய்தார். வந்தவர்கள் தலைமுடி வளர்த்த ஹிப்பிப் பிள்ளைகள். அவர்களுக்குச் சப்பாத்தி இடவும் கரதாளம் போடவும் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார்.

பன்னிரண்டு ஆண்டுகளில் 14 முறை உலகைச் சுற்றினார் என்று இஸ்கான் அன்பர்கள் கணக்குச் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறு. எந்த ஊரில் இறங்கினாலும் நடுநிசிக்குமேல் எழுந்து உட்கார்ந்துவிடுவார். ஸ்ரீதர சுவாமி, வீரராகவாச்சாரியார் முதலிய பழைய உரைகாரர்களைப் பார்த்துவிட்டுத்தான் ஒலிப்பதிவுக் கருவியில் மொழிபெயர்ப்பைச் சொல்வார். உலகம் குருவென்று கும்பிட்ட பிறகும் பாடம் படிப்பதை விடவில்லை. நம்மில் சிலர் ஒருமுறை பாராயணம் முடித்ததும் ‘எல்லாம் தெரியும்’ என்று புத்தகத்தைப் பட்டுத்துணியில் சுற்றி வைத்துவிடுகிறோமே!

1977 நவம்பர் 14 அன்று பிருந்தாவனத்தில் உயிர் பிரிந்தபோது, பத்தாம் ஸ்கந்தம் பாதியில் நின்றிருந்தது. மீதியைச் சீடர்கள் எழுதி முடித்தார்கள்.

நாளை மாலை அதே பத்தாம் ஸ்கந்தத்தை நாம் எடுத்துக்கொள்ளப் போகிறோம். பட்டுத்துணியில் சுற்றி வைத்திருப்பவர்கள் பிரித்து எடுத்துக்கொண்டு வாருங்கள். கடையை மூடிவிட்டு வருகிறவர்களுக்காகக் கொஞ்சம் தாமதமாகவே ஆரம்பிக்கலாம்.