தோல் கலர் பாட்டில்



நவராத்திரிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, எங்கள் கோயில் மண்டபத்தில் சமய வகுப்புப் பிள்ளைகளுக்குப் பொம்மைக்கு வண்ணம் தீட்டக் கற்றுக்கொடுக்கச் சொன்னார்கள். ஹாஸ்டல் ரூமில் உட்கார்ந்து சுண்டுவிரல் அளவு போர்வீரர் பொம்மைகளுக்குப் பெயிண்ட் அடிப்பவன் நான். அது எப்படியோ ஆசிரியர் காதுக்குப் போய்விட்டது. பிள்ளைகள் தீட்டும் பொம்மைகளைக் கொலுவில் மூன்றாம் படியில் வைப்பதாக ஏற்பாடு.

ஆளுக்கொரு வெள்ளை பிளாஸ்டர் பொம்மை. மூன்று அங்குல உயரம். கிருஷ்ணர், பிள்ளையார், முருகர், சரஸ்வதி, காளி. ஒன்பது வயசுத் தங்கச்சி ஒருத்தி காளியை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

“அண்ணா, தோல் கலர் பாட்டில் குடுங்க.”

மேசையில் அப்படி ஒரு பாட்டில் இருந்தது உண்மைதான். உள்ளே இளஞ்சிவப்பு கலந்த வெளிர் நிறம். மூடியில் ‘தோல்’ என்று எழுதி ஒட்டியிருந்தது. எழுதி ஒட்டியது நானேதான். அந்த மண்டபத்தில் அன்று இருந்த நாற்பது பேரில் ஒருத்தருடைய தோலும் அந்த நிறம் இல்லை.

“காளியம்மா கறுப்புதானேம்மா?” என்றேன்.

“கறுப்பா இருந்தா அழகா இருக்காதுண்ணா. என்னையே ஸ்கூல்ல கருவாச்சின்னுதான் கூப்பிடுறாங்க.”

எனக்குப் பதில் வரவில்லை. ஏனென்றால் அந்த வார்த்தையை எனக்கு நன்றாகத் தெரியும். என் சொந்தத் தங்கையை நான் பல வருஷம் அப்படித்தான் கூப்பிட்டேன். விளையாட்டுக்குத்தான். வீட்டில் எல்லாரும் சிரிப்பார்கள், அவளும் சிரிப்பாள். பிறகு குடும்பப் படம் எடுக்கும்போதெல்லாம் அவளே “நான் எடுக்குறேன்” என்று போனை வாங்கிக்கொள்ள ஆரம்பித்தாள். அதை நான் கவனிக்கவே இல்லை.

அன்று பிள்ளைகளுக்குச் சொன்னதையும், வீட்டுக்குப் போகும் வழியில் எனக்கு நானே சொல்லிக்கொண்டதையும் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் தோல்.

நம் சாமிகளின் நிறத்தை ஒரு வரிசையாக யோசித்துப் பாருங்கள். காளி என்றால் கரியவள். கிருஷ்ண என்ற வடசொல்லுக்கே கறுப்பு என்றுதான் பொருள். தொல்காப்பியம் முல்லை நிலத்துத் தெய்வத்தை மாயோன் என்கிறது, அதாவது கரிய நிறத்தவன். குறிஞ்சி நிலத்து முருகன் சேயோன், சிவந்தவன். மதுரை மீனாட்சி பச்சை. சரஸ்வதி வெள்ளை. சிவபெருமான் பவளம் போலச் சிவப்பு, ஆனால் கழுத்து மட்டும் கறுப்பு. ஏன்? ஆலகால விஷத்தை மற்றவர்கள் பிழைக்கட்டும் என்று தான் வாங்கிக்கொண்டார். அவர் திருமேனியில் கருணைக்கு அடையாளமாக இருக்கிற இடம் அந்தக் கறுப்பு.

சைவ சித்தாந்தம் சொல்வது என்ன? இறைவனுக்கென்று சொந்தமாக ஓர் உருவம் கிடையாது. நமக்காக, அருளினால், உருவம் எடுத்து வருகிறான். நம்மால் பார்க்க முடிய வேண்டும், பக்கத்தில் போக முடிய வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனை வடிவம். அப்படி அருளால் எடுத்த வடிவங்களில் கறுப்பும் ஒன்று. வெள்ளையும் ஒன்று. எந்த நிறத்தையும் அவன் ஒதுக்கவில்லை. ஒதுக்குவது நாம்தான். காலண்டரில் கண்ணனை இளநீலமாக்கி, அதையும் வெளிறவைத்து, அப்புறம் பெற்ற பிள்ளைக்கு முகம் வெளுக்கும் கிரீம் வாங்கிக்கொடுக்கிறோம்.

கரிய தோலைத் தீட்டுவதில் நான் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம் ஒன்று உண்டு. முதலில் அடர்ந்த பழுப்பு அடிக்க வேண்டும். காய்ந்ததும் தண்ணீராகக் கரைத்த கருநிறத்தை மேலே விட்டால் அது பள்ளங்களில் போய்த் தங்கி நிழலாகிவிடும். பிறகு மூக்கு நுனி, கன்னம், தோள் போன்ற மேடான இடங்களுக்கு வெளிச்சம் கொடுக்க வேண்டும். முதல் தடவை நான் வெளிச்சத்துக்காகப் பழுப்போடு வெள்ளையைக் கலந்தேன். முகம் சுண்ணாம்பு பூசியது போல வெளிறி, காய்ச்சலில் கிடப்பவர் முகம் மாதிரி ஆகிவிட்டது. எத்தனை தடவை செய்தாலும் அதே கதி. பிறகு வெள்ளைக்குப் பதிலாகக் கொஞ்சம் காவி மஞ்சளும் செம்பழுப்பும் கலந்து பார்த்தேன். முகம் விளக்கு ஏற்றியது போல ஆனது.

கறுப்புக்கு அழகு சேர்க்க வெள்ளை தேவைப்படவில்லை நண்பர்களே. அதற்குள்ளேயே இருக்கிற சிவப்பையும் மஞ்சளையும் வெளியே எடுத்தால் போதும். அந்தத் தங்கச்சியிடம் இதைச் சொல்லாமல் செய்தே காட்டினேன். வெள்ளை கலந்த ஒரு துளி, காவி கலந்த ஒரு துளி, இரண்டையும் தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். எதை எடுத்துக்கொள்வது என்று அவளே முடிவு செய்தாள்.

அடுத்தது முடி.

பிள்ளைகள் ஒவ்வொரு மயிராகக் கோடு போடப் பார்ப்பார்கள். அது வேண்டாம். அடர்நிறம் அடித்துவிட்டு, பிரஷ்ஷில் உள்ள பெயிண்டைத் துணியில் நன்றாகத் துடைத்து, கிட்டத்தட்ட காய்ந்த பிரஷ்ஷால் மேலாக லேசாகத் தடவினால் போதும். செதுக்கியிருக்கும் வரிகள் தானாகத் தெரியும். கறுப்பு முடிக்கு மேலே துளி கருநீலம் தடவினால் இன்னும் நன்றாக இருக்கும்.

காளியின் முடி அவிழ்ந்து கிடக்கும். சிவனுடையது சடை. பழனியில் முருகன் ஆண்டிக் கோலத்தில் நிற்கிறான். தைப்பூசத்தில் பத்துமலைக்கு முடி காணிக்கை கொடுக்கப் போகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். மொட்டையடித்து, தலையில் சந்தனம் பூசிக்கொண்டு, 272 படி ஏறிப் போவார்கள். மாதக்கணக்கில் ஸ்டைல் பண்ணிய முடியை ஐந்து நிமிஷத்தில் கொடுத்துவிட்டு, அவர்கள் சிரித்துக்கொண்டே ஏறுவதை நான் பார்த்திருக்கிறேன். அந்த நாளில் அங்கே யார் அழகு என்று யாரும் கேட்பதில்லை. தோற்றத்தைப் பற்றிய பெருமையை இறக்கி வைக்க நம் சமயம் வழி வைத்திருக்கிறது. அப்படியானால் தோற்றத்தைப் பற்றிய வெட்கத்தையும் அங்கேயே இறக்கி வைக்கலாம்தானே?

கடைசியில் கண்.

சின்னப் பொம்மையில் கண்தான் கஷ்டம். இரண்டு முழங்கையையும் மேசையில் ஊன்றிக்கொள்ளுங்கள். பிரஷ் மெல்லிசாக இருக்க வேண்டியதில்லை, நுனி கூர்மையாக இருந்தால் போதும். பளிச்சென்ற வெள்ளை வேண்டாம், கொஞ்சம் மங்கிய வெள்ளை. கருவிழி மேல் இமையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். நடுவில் தனிப் புள்ளியாக நின்றால் பொம்மை பயந்துபோய் முழிக்கிற மாதிரி இருக்கும்.

கோயில் விக்கிரகத்துக்கும் கண் திறப்பது கடைசியில்தான். அதற்கு நயனோன்மீலனம் என்று தனிச் சடங்கே இருக்கிறது. ஸ்தபதி பொன் ஊசியால் கண் திறப்பது மரபு. திறந்ததும் பசுவும் கன்றும், கண்ணாடி, தானியம் போன்ற மங்கலப் பொருள்களைக் காட்டுவார்கள். தெய்வத்தின் முதல் பார்வை நல்லதன்மேல் விழட்டும் என்பதற்காக. நம் கொலு பொம்மைக்கு அந்தச் சடங்கு கிடையாது. ஆனால் அதிலுள்ள கருத்து நமக்கு உண்டு. தரிசனம் என்றால் நாம் சாமியைப் பார்ப்பது மட்டுமில்லை, சாமி நம்மைப் பார்ப்பதும்தான்.

மீனாட்சி என்றால் மீன் போன்ற கண்ணுடையவள். மீன் தன் முட்டையைப் பார்வையாலேயே பொரிக்கும் என்று நம் பெரியவர்கள் உவமை சொல்வார்கள். குரு தன் பார்வையாலேயே சீடனுக்கு அருள்வதை நயன தீட்சை என்கிறது சைவம். ஒரு பார்வைக்கு ஒருவரை வளர்க்கிற சக்தி உண்டு என்றால், ஒருவரைச் சுருங்க வைக்கிற சக்தியும் உண்டு. ஒன்பது வயசுப் பிள்ளை தன் முகம் அழகில்லை என்று தானாகக் கண்டுபிடிக்கவில்லை. நம் கண்ணிலும் வாயிலும் இருந்துதான் அதைக் கற்றுக்கொண்டது.

அவளுடைய காளி அடர்ந்த பழுப்பும் கருநீலமுமாக வந்தது. நாக்குச் சிவப்பு கொஞ்சம் தாடையில் வழிந்துவிட்டது. ஒரு கண் லேசாக மாறுகண். “சரி பண்ணித் தரவா?” என்று கேட்டேன். “வேணாம், என்னைத்தான் பாக்குறாங்க” என்று வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

அன்று இரவு என் தங்கைக்குப் போன் பண்ணினேன். சின்ன வயசில் அப்படிக் கூப்பிட்டது தப்பு, மன்னிச்சுக்கோ என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, “இப்பத்தான் ஞாபகம் வந்துச்சா?” என்றாள். அவ்வளவுதான். அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஒரு போன் காலில் தீர்கிற கணக்கு இல்லை அது.

இந்த நவராத்திரிக்கு இளைஞர்களாகிய நாம் மூன்று காரியம் செய்யலாம். கிண்டலுக்குக்கூட ஒருவரை நிறம் சொல்லிக் கூப்பிடுவதை நிறுத்தலாம். யாராவது கூப்பிட்டால் சிரிக்காமல் இருக்கலாம். ஏற்கெனவே காயப்படுத்திய ஒருவர் நமக்குத் தெரிந்திருந்தால், கொலு கலைவதற்குள் அவரிடம் போய்ப் பேசலாம்.

அந்த பாட்டில் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. ‘தோல்’ என்ற லேபிளைக் கிழித்துவிட்டேன்.

அம்பாள் எல்லாரையும் நல்ல கண்ணால் பார்க்கட்டும். நாமும் அப்படிப் பார்க்கப் பழகுவோம்.

ஓம் சக்தி.