அம்மாவின் பிடி அரிசியும் என் மாதக் கணக்கும்

ஓம் சரவணபவ. 

இன்று கிருத்திகை. வழக்கமா இந்த நாள்ல ஒரு கோயில் மகிமையோ, ஒரு பாடலோட பொருளோ எழுதுவேன். இந்த முறை என் வீட்டுல நடந்த ஒரு விஷயத்தை எழுதறேன். எழுதக் கொஞ்சம் கூச்சமாத்தான் இருக்கு. ஆனா முருகன்கிட்ட மறைக்க முடியாததை அடியார்கள்கிட்ட மறைச்சு என்ன பயன்?

எனக்கு இருபத்தெட்டு முடியப் போகுது. சாஃப்ட்வேர் வேலை. பெரும்பாலும் புதுச்சேரி வீட்டுல இருந்தேதான் வேலை. நாற்காலியில உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு வலி வந்தாச்சு. காதோரம் நாலு நரை முடியும் தெரியுது. வயசு ஏறுதே, கையில சேமிப்பு இல்லையேன்னு ஒரு பயம். அதனால பொங்கல் முடிஞ்சதும் எக்செல்ல ஒரு மாதக் கணக்கு போட்டேன். பால், காய்கறி, கேஸ், கரண்ட், மருந்து, வெளிச் சாப்பாடு எல்லாத்துக்கும் தனித்தனி வரிசை. அம்மாவைக் கூப்பிட்டு, “மாசம் மூவாயிரமாவது குறைக்கணும்மா” என்று சொன்னேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையா பார்த்தாங்க. “சரி தம்பி” என்று மட்டும் சொன்னாங்க.

இரண்டு மாசம் கழிச்சுப் பார்த்தா செலவு குறைஞ்சிருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். பால் ஒரு லிட்டர் அரை லிட்டர் ஆகியிருந்தது. மருந்து 1,850 ரூபாயிலிருந்து 900 ஆகியிருந்தது. ஏன் குறைஞ்சதுன்னு நான் கேட்கவே இல்லை. எண் சிறுசானா நல்லதுன்னு நினைக்கிற புத்தி! ஆனா போன்ல ஆர்டர் பண்ணி நான் சாப்பிட்ட வெளிச் சாப்பாடு 7,400ல இருந்து 7,200 ஆகியிருந்தது. அவ்வளவுதான் என்னால முடிஞ்சது.

போன கிருத்திகை அன்று விடியற்காலை வாசல்ல கோலம் போட்டுக்கிட்டு இருந்த அம்மா, தலை சுத்தி அப்படியே படியில உட்கார்ந்துட்டாங்க. டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். சர்க்கரை எக்கச்சக்கமா ஏறியிருந்தது. வீட்டுக்கு வந்து மாத்திரை டப்பாவைத் திறந்தேன். தீர்ந்திருக்க வேண்டிய அட்டைகள் பாதிக்கு மேல அப்படியே இருந்தது. தினமும் போட வேண்டிய மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டிருக்காங்க. சாயங்காலப் பாலையும் நிறுத்தியிருக்காங்க.

சமையல் அறையில இன்னொரு டப்பா இருக்கு. பிடி அரிசி டப்பா. தினமும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து அதுல போட்டுட்டுத்தான் அம்மா அரிசி களைவாங்க. அப்பா வேலை பார்த்த மில்லு ஓடாத மாசங்கள்லயும் அது நின்றதில்லை. மாசி மகத்துக்கு மயிலம் முருகன் நம்ம வைத்திக்குப்பம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வருவார் இல்லையா, அந்தச் சமயத்துல அன்னதானம் செய்யறவங்ககிட்ட அந்த அரிசி போய்ச் சேரும். இந்த வருஷமும் போச்சு. ஒரு பிடி கூடக் குறையலை.

எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. “குறைக்கணும்னா அந்த அரிசியைக் குறைச்சிருக்கலாமே, மாத்திரையில போய்க் கை வைக்கலாமா?” என்று கேட்டேன்.

அம்மா சொன்னாங்க: “அது நம்மளுது இல்ல தம்பி, முருகனோடது. அதுல எப்படிக் கை வைக்கிறது? மாத்திரை என்னோடது. அதுல குறைச்சேன்.”

அன்பர்களே, கந்தர் அலங்காரத்துல அருணகிரிநாதர் இதைப் பற்றித்தான் பேசறார். வேலவனை வாழ்த்தி, இல்லாதவங்களுக்கு நொய்யரிசியில பாதியளவாவது பகிர்ந்து கொடுங்கன்னு சொல்றார். அடுத்து ஒரு உவமை. கொளுத்துற வெயில்ல ஒதுங்கறதுக்கு நம்ம சொந்த நிழல் நமக்கு உதவாது. அது மாதிரி கையில இருக்கிற பொருளும் கடைசிப் பயணத்துக்கு உதவாதுங்கறார். யோசிச்சுப் பாருங்க. காலையிலயும் சாயங்காலமும் நம்ம நிழல் நீளமா கிடக்கும். உச்சி வெயில்ல, தேவைப்படற நேரத்துல, காலடியில சுருண்டுடும். சேமிப்பு வேண்டாம்னு இதுக்குப் பொருள் இல்லை. அதுல ஒதுங்கி நிற்கலாம்னு நம்பாதேன்னுதான் பொருள். திருவண்ணாமலையில பொருளையெல்லாம் தொலைச்சு, உயிரையும் விடத் துணிஞ்சு, முருகனால தடுத்தாட்கொள்ளப்பட்டவர்னு சொல்லப்படறவர் அவர். செலவோட அருமை அவருக்குத் தெரியாதா?

நம்ம ஊர்ல இருந்து கடலூர் தாண்டிப் போனா வடலூர். சின்ன வயசுலயே சென்னைக் கந்தகோட்டத்து முருகனைப் பாடினவர் வள்ளலார். அவர் 1867ல தருமச்சாலையில மூட்டின அடுப்பு இன்னைக்கும் அணையலை. பெரிய முதலாளி ஒருத்தர் மட்டும் கொடுத்தா இவ்வளவு காலம் எரியுமா? எத்தனையோ வீட்டு அரிசியாலதான் அது எரியுது.

என் புத்திக்கு ஏத்த மாதிரி நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு பிடி ஐம்பது கிராம்னு வச்சா, மாசம் ஒன்றரைக் கிலோ. வருஷத்துக்குப் பதினெட்டுக் கிலோ. கிலோ அறுபது ரூபாய்னா சுமார் 1,080 ரூபாய். நான் நண்பர்களோட ஒரு சனி, ஞாயிறு சாப்பிடற செலவு. அம்மா வருஷம் முழுக்கக் காப்பாத்தின தர்மத்தோட விலை அது.

அன்னைக்கு ராத்திரி அம்மாகிட்ட கேட்டேன்: “அரிசி முருகனோடதுன்னா, இந்த உடம்பு மட்டும் யாரோடதும்மா?” கொஞ்ச நேரம் பதில் இல்லை. அப்புறம் சிரிச்சுட்டு மாத்திரையைப் போட்டுக்கிட்டாங்க.

இப்போ கணக்கு மாறிடுச்சு. வெளிச் சாப்பாடு வாரத்துக்கு ஒரு நாள்தான். மருந்துக்கும் பாலுக்கும் உச்சவரம்பு கிடையாது. பிடி அரிசியை இப்போ நான்தான் எடுத்துப் போடறேன். என் கை பெருசு, அதனால டப்பா சீக்கிரம் நிறையுதுன்னு அம்மாவுக்குச் சந்தோஷம்.

கணக்கு எழுதறது தப்பில்லை அன்பர்களே. சிக்கனமும் தப்பில்லை. ஆனா செலவு குறையும்போது அது யார் தட்டுல இருந்து குறையுதுன்னு பார்க்கணும். வயசானவங்க வாய் திறந்து சொல்ல மாட்டாங்க. வேண்டாம், பசிக்கலை, வலி பரவாயில்லைன்னுதான் சொல்லுவாங்க. நாமதான் கேட்டுத் தெரிஞ்சுக்கணும். கோயிலுக்குப் போய் முருகனுக்குப் பாலாபிஷேகம் செய்யலாம், ரொம்ப நல்லது. அதுக்கு முன்னாடி வீட்டுல பெத்தவங்க டம்ளர்ல பால் இருக்கான்னு பார்த்துட்டுப் போவோம்.

இந்தப் பதிவை அடுத்த குழுவுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி ஒரே ஒரு வேலை. உங்க அம்மா அப்பாவோட மாத்திரை டப்பாவை ஒரு தடவை திறந்து எண்ணிப் பாருங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!
மயிலம் வாழ் முருகனுக்கு அரோகரா!