நண்பன் அறிந்த முகம்

கல்லூரியில் உடன் படித்த நாலு பேர், பல வருஷங்களுக்குப் பிறகு, ஊருக்கு வெளியே ஒரு தோட்ட வீட்டில் கூடுகிறார்கள். இரண்டு நாளைக்கு வீட்டுக் கவலை இல்லை, மேலதிகாரி இல்லை. 'டேய்' என்று கூப்பிட ஆள் இருக்கிறது. அப்போது ஒருவர் திண்ணையில் காலை நீட்டிக்கொண்டு சொல்லுவார்: "இங்கேதானப்பா நான் நானாக இருக்கிறேன். மற்றதெல்லாம் வேஷம்!" மற்றவர்கள் தலையை ஆட்டுவார்கள்.

எனக்கு இதில் ஒரு சந்தேகம். ஓய்வில் தெரிகிற முகம் ஒன்றுதான் உண்மையான முகமா?

ஆங்கிலக் கவிஞர் பைரன் பிரபுவை எடுத்துக்கொள்ளுங்கள். நாட்டிங்ஹாம்ஷயரில் நியூஸ்டெட் ஆபி என்பது அவருடைய பரம்பரை மாளிகை. ஒரு காலத்தில் துறவிகள் வாழ்ந்த மடம். 1809-ல், இருபத்தொரு வயதில், கேம்பிரிட்ஜ் நண்பர்களை அங்கே அழைத்தார். மாத்யூஸ் வந்தார், ஹாப்ஹவுஸ் வந்தார். நினைத்த நேரத்தில் எழுந்திருப்பார்கள். கூடத்தில் துப்பாக்கி சுட்டுப் பழகுவார்கள். ஏரியில் படகு விடுவார்கள். வளர்ப்புக் கரடியோடு விளையாடுவார்கள். இரவில் துறவி அங்கியை மாட்டிக்கொண்டு, மண்டையோட்டில் செய்த கிண்ணத்தில் மது அருந்தி, நள்ளிரவு தாண்டியும் பேசுவார்கள்.

வேஷத்தைக் களைய வந்த இடத்தில் இன்னொரு வேஷம்! அந்தக் கும்மாளத்தின் நடுவே வீட்டுக்காரருக்குக் கழுத்தளவு கடன். கவலை இல்லாதவன் என்பதும் ஒரு வேஷந்தானே? நண்பர்களுக்கு நடுவே அதைக் கலைப்பது, அலுவலகத்து வேஷத்தைக் கலைப்பதைவிடக் கடினம். அதிகாரிக்கு முன்னால் துக்கத்தை மறைப்பது பழக்கம்; பழைய நண்பன் முன்னால் மறைப்பதோ, "அவனுடைய இரண்டு நாள் சந்தோஷத்தை நாம் ஏன் கெடுக்க வேண்டும்?" என்ற அன்பு.

1811-ல் மாத்யூஸ் கேம்பிரிட்ஜில் ஆற்றில் மூழ்கி இறந்துபோனார். 1824-ல் கிரேக்க நாட்டில் பைரனும் மறைந்தார். அவர் தம் வாழ்க்கையைப் பற்றி எழுதி வைத்திருந்த நினைவுக் குறிப்புகள் லண்டனில் இருந்தன. அவற்றைப் படித்திருந்த கவிஞர் தாமஸ் மூர் அழிக்க வேண்டாம் என்று வாதாடினார். அழித்தே தீரவேண்டும் என்று நின்றவர்களில் முக்கியமானவர் ஹாப்ஹவுஸ். அவர் அதைப் படித்ததே இல்லை! அந்த மே மாதத்தில், பதிப்பாளர் மர்ரேயின் வீட்டுக் கணப்பில் அத்தனை தாள்களும் எரிந்து சாம்பலாயின.

ஹாப்ஹவுஸ் துரோகியா? இல்லை. நண்பனின் பெயருக்குக் களங்கம் வரக்கூடாது என்ற பாசத்தில்தான் செய்தார். ஆனால், 'என் நண்பனை எனக்குத் தெரியாதா?' என்ற நம்பிக்கையும் அந்தப் பாசத்துக்குள் ஒளிந்திருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. நண்பன் தன்னைப் பற்றிச் சொல்ல விரும்பியதைக் கேட்காமலே முடிவு செய்யும் துணிவை, பழைய நெருக்கம் தந்துவிடுகிறது.

நாமும் தாளை எரிப்பதில்லையே தவிர, இதையே செய்கிறோம். ஒருவன் ஏதோ சொல்ல வாயெடுப்பான். "போடா, நீ அன்றைக்கும் இப்படித்தான்!" என்று சிரித்து முதுகில் தட்டுவோம். அவனும் சிரித்துவிடுவான். சொல்ல வந்தது நெஞ்சோடு போய்விடும்.

பழங்கதை பேசத்தான் வேண்டும். அந்தச் சிரிப்புக்காகத்தானே பயணமே. ஆனால் சாப்பாடு முடிந்து, விளக்கை அணைத்து, பாயில் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்கும் நேரம் ஒன்று வரும். "இத்தனை வருஷமாக எப்படியடா இருக்கிறாய்?" என்று அப்போது கேட்டுவிட்டு, சற்றே வாய் மூடி இருங்கள். பதில் வரத் தாமதமாகலாம்.