ஒப்பீட்டுக்கு நின்ற ஊர்கள்

'ராஜஸ்தானில் ஒரு பெண் குழந்தை எழுத்துக் கூட்டினால் ஸ்விட்சர்லாந்தில் ஒருத்தனுக்குப் பதினைந்து வட்டி' என்று சொல்லிவிட்டு நண்பர் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். இலக்கியம் பேசக் கூடுகிற நாலைந்து பேருக்கு இந்த மாதிரிச் சிரிப்பு எப்போதும் கைவசம் இருக்கும். ஏதோ ஒன்றை நிராகரித்துவிட்ட திருப்தியை அது தரும், அதற்குமேல் யோசிக்க வேண்டியதில்லை. அன்று வீடு திரும்பிய பிறகு அந்தச் சிரிப்பு எனக்குச் சரியாக ஜீரணமாகவில்லை.

விஷயம் இது. ஸஃபீனா ஹுசேன் என்பவர் 2007இல் ராஜஸ்தானில், பாலி மாவட்டத்தில், 'எஜுகேட் கேர்ள்ஸ்' என்ற ஸ்தாபனத்தைத் தொடங்கினார். பள்ளிக்கூடம் எதையும் அவர் கட்டவில்லை. சர்க்கார் பள்ளிக்கூடம் ஊரில் இருக்கிறது, அதற்குப் போகாத பெண் பிள்ளைகளும் அதே ஊரில் இருக்கிறார்கள், இந்த இரண்டுக்கும் இடையில் உள்ள தூரம் தெருக்கணக்கில் அளக்கிற தூரமில்லை என்பதை வேலைக்கு ஆதாரமாக எடுத்துக்கொண்டார். அந்தந்த ஊரிலேயே ஓரளவு படித்த இளம் வயதினரைத் தொண்டர்களாகச் சேர்த்து, வீடு வீடாகப் போய், யார் யார் போகவில்லை என்று பெயரெழுதி, பெற்றவர்களிடம் பேசி, மறுபடியும் போய்ப் பேசி, பிள்ளையைக் கொண்டுபோய்ப் பள்ளியில் சேர்த்து, சேர்ந்த பிள்ளைக்குப் பாடம் ஏறுகிறதா என்று பார்ப்பது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அந்த மாநிலத்துப் பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 52 சதவீதம்தான்.

நண்பர் சொன்ன வட்டி 2015இல் வருகிறது. துணி ஆலைகளுக்குப் பேர்போன பில்வாரா மாவட்டத்தில், 140 கிராமங்களில் 166 பள்ளிகளில் மூன்று வருஷம் வேலை செய்ய ஓர் ஒப்பந்தம். யு.பி.எஸ். வங்கியைச் சார்ந்த ஆப்டிமஸ் பவுண்டேஷன் ஏறத்தாழ 2,70,000 டாலர் முன்பணம் போட்டது. வேலை பலித்தால் அந்தப் பணத்தை லாபத்தோடு திருப்பித் தருவது லண்டனிலுள்ள சில்ட்ரன்ஸ் இன்வெஸ்ட்மெண்ட் ஃபண்ட் பவுண்டேஷன். பலிக்காவிட்டால் போட்டவனுக்கு நஷ்டம். பலித்ததா என்று சொல்வதற்கு மூன்றாவது ஆள், ஐடிஇன்சைட் என்ற ஆய்வு நிறுவனம். கொடுக்கவேண்டிய பணத்தில் 80 சதவீதம் பிள்ளைகள் கற்றதற்கு, 20 சதவீதம் விட்டுப்போன பெண் பிள்ளைகளைச் சேர்த்ததற்கு. 2018இல் முடிவு வந்தது: கற்றலில் இலக்கைப்போல் 160 சதவீதம், சேர்த்ததில் 116 சதவீதம். முன்பணம் 15 சதவீத வருவாயோடு திரும்பியது.

வட்டியை வைத்து இதை நிராகரிக்க முடியாது என்றுதான் நினைக்கிறேன். வாத்தியார் சம்பளம் வாங்குகிறார், பாடப்புத்தகம் அச்சடிப்பவன் லாபம் பார்க்கிறான், அதனாலெல்லாம் அகரம் அசுத்தமாகிவிட்டதாக நாம் எண்ணுவதில்லை. 'சமூகத் தொழில்முனைவர்' என்கிற சொல்லைக் கேட்டதும் முகம் சுளிப்பவர்கள் அதில் எந்தப் பாதி தங்களை உறுத்துகிறது என்று சொல்வதில்லை. 'தொண்டு' என்றால் நமக்குச் சம்மதம். தொண்டு செய்கிறவர் ஏழையாக இருக்கவேண்டும், களைத்திருக்கவேண்டும், கணக்குக் கேட்டால் புண்படவேண்டும். இந்த அருவருப்பு தார்மீகமானது என்று நாம் நம்புகிறோம். பெரும்பாலும் அது ரசனை சம்பந்தப்பட்டது.

அளப்பது பற்றிய ஆட்சேபம் இதைவிடக் கனமானது. விலை உள்ளவை, கண்ணியம் உள்ளவை என்று காண்ட் இரண்டாகப் பிரித்தார். முன்னதன் இடத்தில் சமமான வேறொன்றை வைத்துவிடலாம், பின்னதன் இடத்தில் எதையும் வைக்க முடியாது. ஒரு குழந்தை எழுத்திலிருந்து சொல்லுக்கும் சொல்லிலிருந்து பத்திக்கும் பத்தியிலிருந்து கதைக்கும் ஏறுகிறது. ஒவ்வொரு படிக்கும் ஒரு தொகை. பில்வாராவில் பயன்படுத்திய 'அசர்' சோதனையில் ஏணி இதுதான். கணக்கில் ஒன்றிலிருந்து ஒன்பது வரை அடையாளம் காண்பதில் தொடங்கி வகுத்தல் வரை. இங்கே விலை போட்டிருப்பது குழந்தைக்கா, ஏணிப்படிக்கா? படிக்குத்தான் என்று ஒப்பந்தக்காரர்கள் சொல்வார்கள். ஒரு சோதனையில் இரண்டும் எவ்வளவு தூரம் பிரிந்து நிற்கும் என்பது எனக்குத் தெளிவில்லை. ஆனாலும் ஒரு செய்தி என் ஆட்சேபத்தை ஆட்டம் காணவைத்தது. முதல் இரண்டு வருஷமும் அவர்கள் இலக்குக்கு வெகு தூரம் பின்னால் இருந்தார்கள். எண் அதைச் சொன்னது. மூன்றாம் வருஷம் வகுப்பை வைத்துப் பிரிக்காமல் தெரிந்த அளவை வைத்துப் பிள்ளைகளைப் பிரித்தார்கள், பாடவேளைகளை அதிகப்படுத்தினார்கள், வராத பிள்ளையின் வீட்டுக்கே போய்ச் சொல்லிக்கொடுத்தார்கள். வராத பிள்ளைக்கும் சோதனை உண்டு, அதன் பூஜ்யமும் கணக்கில் சேரும் என்பதால். நாம் பார்த்த தர்ம காரியங்களில் நோட்டுப் புத்தகம் எத்தனை கொடுத்தோம் என்று எண்ணுவார்கள், போட்டோ எடுப்பார்கள். வராதவள் எங்கே என்று கேட்டதில்லை. கவனம் என்பதே அறத்தின் அரிய வடிவம் என்கிற பாங்கில் சிமோன் வேய் யோசித்தவர். கூலிக்கு அளக்கிற ஒரு கணக்கு, தன்னை அறியாமலே, வேய் சொல்கிற அந்தக் கவனத்துக்கு இவ்வளவு கிட்டத்தில் போய் நிற்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

இதோடு விட்டிருந்தால் நண்பரைத் திருத்திவிட்ட சந்தோஷம் மிஞ்சியிருக்கும். விடமுடியாதது வேறொன்று.

பலித்ததா என்று எப்படித் தெரியும்? பிள்ளைகள் தாமாகவே கொஞ்சம் கற்றிருக்கமாட்டார்களா? ஆகவே சீட்டுப் போட்டுக் கிராமங்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் தொண்டர்கள் போனார்கள். மறுபாதியில் போகவில்லை, அங்கே சோதிப்பவர் மட்டும் போனார், வாசிக்கச் சொல்லிக் கேட்டார், குறித்துக்கொண்டு திரும்பினார். அடுத்த வருஷமும், அதற்கடுத்த வருஷமும். இரண்டு பாதிகளுக்கும் உள்ள வித்தியாசம்தான் 'கற்றது' என்று கணக்கிடப்பட்டு அதற்குத்தான் பணம் கொடுக்கப்பட்டது.

இதில் யாரும் யாருக்கும் தீங்கு செய்யவில்லை. எல்லா ஊருக்கும் போக ஆளுமில்லை, பணமுமில்லை. யாரை விடுவது என்று மனிதர் தேர்ந்தால் சாதி வரும், சிபாரிசு வரும், தார் ரோடு உள்ள ஊராகப் பார்த்துப் போவார்கள். சீட்டு அதைவிட நியாயமானது. மறுபாதி ஊர்களிலும் சர்க்கார் பள்ளி வழக்கம்போல் நடந்தது. இந்த வாதங்களில் ஒன்றைக்கூட என்னால் மறுக்க முடியவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகள் செய்த காரியத்துக்கு என்ன பெயர்? அவர்களுடைய கல்லாமை இல்லாவிட்டால் இவர்களுடைய கல்வி நிரூபணமாகாது. அவர்கள் எவ்வளவு பின்தங்கினார்களோ அவ்வளவுக்கு வித்தியாசம் பெரிதாகி, தொகையும் பெரிதாகும். யாரும் அப்படி விரும்பியிருக்கமாட்டார்கள். விருப்பம் தேவையில்லாமலே கட்டுமானத்துக்குள் அது உட்கார்ந்திருக்கிறது. நன்மையை அறிவதற்கு நன்மை போகாத ஓரிடம் வேண்டியிருக்கிறது. அங்கே இருப்பவரிடம் அதைச் சொல்லி அனுமதி கேட்கும் பாஷை எந்தத் தத்துவத்திலாவது இருக்கிறதா?

இது எனக்குப் பில்வாராவில் புதிதாகத் தெரிந்த சமாசாரமில்லை. எங்கள் வீட்டில் அக்கா எட்டாம் வகுப்போடு நின்றாள். 1972 என்று நினைவு. வயதுக்கு வந்தாள், உயர்நிலைப்பள்ளி நாலு மைல், பஸ்ஸில் அனுப்ப அப்பாவுக்கு மனசில்லை. நான் படித்தேன். என் கணக்கு நோட்டிலுள்ள தப்புகளை அவள் அடுப்படியிலிருந்து வந்து திருத்திவிட்டுப் போவாள். பத்தாவது பரீட்சை முடிவு வந்த அன்று அப்பா எல்லோரிடமும், 'பையன் நம்ம வீட்லயே மொதல்ல பாஸ்' என்று சொன்னார். வேறு யாரும் எழுதாத பரீட்சையில் நான் முதல். சீட்டுப் போட்டுக்கூடப் பார்க்கவில்லை. எங்கள் வீட்டில் எந்தப் பாதி யாருக்கு என்பது பிறக்கும்போதே தெரிந்திருந்தது. பிற்பாடு இவான் இல்லிச்சின் 1971ஆம் வருஷப் புத்தகத்தைப் படித்துவிட்டு, பள்ளிக்கூடம் கற்பித்தலைக் கற்றல் என்று நம்பவைக்கிற மோசடி என்று நாலு பேர் கேட்க வாதாடினேன். இல்லிச் சொன்னதில் சத்தில்லை என்று இப்போதும் சொல்லமாட்டேன். பள்ளியை உதறுகிற சௌகரியம் உள்ளே போய்வந்தவனுக்கே உண்டு என்பது அப்போது உறைக்கவில்லை. அதே ராஜஸ்தானில், திலோனியாவில், 1975 முதல் ராத்திரிப் பள்ளிக்கூடங்கள் நடந்தன, பகலில் ஆடு மேய்க்கும் பிள்ளைகளுக்காக. அவர்கள் இல்லிச்சோடு சண்டை போடவில்லை. ஆடு திரும்புகிற நேரம் என்ன என்று பார்த்து அதற்குமேல் விளக்கை ஏற்றினார்கள்.

தொண்டர் வாசலில் நின்று பேசுவது பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். 2010 ஏப்ரலிலிருந்து ஆறு முதல் பதினாலு வயது வரை கல்வி சட்டப்படி உரிமை. உரிமை தானாக வாசல்படி ஏறி வருவதில்லை. யாரோ ஒருவர் வந்து, தகப்பனிடம் கெஞ்சி, அவருடைய நலனையே எடுத்துக்காட்டி, அந்த உரிமையைக் கேட்டு வாங்கவேண்டியிருக்கிறது. படித்த பெண் நல்ல தாயாவாள், பிள்ளைகள் ஆரோக்கியமாக வளரும், கல்யாணம் தள்ளிப்போகும், குடும்பத்துக்கு வருமானம், தேசத்துக்கு உற்பத்தி. எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். பையனைப் பள்ளியில் சேர்க்கும்போது இவற்றில் எதையும் யாரும் கேட்டதில்லை. பெண்ணின் கல்விக்கு மட்டும் அவளைத் தாண்டி இன்னொருவர் பெறப்போகும் பிரயோசனத்தைக் காட்டியாக வேண்டியிருக்கிறது. காண்டின் பிரிவினை எனக்கு நிஜமாகவே உறைத்தது இங்கேதான். 15 சதவீத வட்டியைவிட இந்த வாதங்கள்தாம் அவளுக்கு விலை போடுகின்றன. அந்த வாசலில் நானே நின்றிருந்தால் இதே வாதங்களைத்தான் சொல்லியிருப்பேன், வேறு எது அந்தத் தகப்பனிடம் செல்லும்?

அப்படி நிற்பதும் ஆபத்தில்லாத காரியமல்ல. ராஜஸ்தான் அரசின் மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தில் 'சாத்தின்' ஆக வேலை பார்த்த பன்வாரி தேவி, 1992இல், ஒரு வயதுகூட நிரம்பாத ஒரு குழந்தையின் கல்யாணத்தைத் தடுக்கப்போனார். அதற்குத் தண்டனையாக அவர்மீது கூட்டுப் பாலியல் வன்முறை நடந்தது. 1995இல் விசாரணை நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களை அந்தக் குற்றத்திலிருந்து விடுவித்தது. 1997இன் விசாகா தீர்ப்பு அந்தக் கொடுமையை ஒட்டி எழுந்த வழக்கிலிருந்து வந்தது. நாட்டில் வேலை செய்யும் பெண்களுக்கெல்லாம் ஒரு பாதுகாப்பு கிடைத்தது. அவர் அதே ஊரில் வாழ்ந்தார். உள்ளூர்க்காரர் பேசினால் எடுபடும் என்பது ஸ்தாபனங்கள் கண்டுபிடித்த உத்தி. பேசி முடித்தபின் வெளியூர்க்காரர் ஜீப்பில் ஏறிப்போகலாம், உள்ளூர்க்காரருக்கு அதே கிணறு, அதே தெரு. இந்தச் செலவு எந்த ஒப்பந்தத்தின் எந்தக் கட்டத்தில் எழுதப்படும்?

2025இல் 'எஜுகேட் கேர்ள்ஸ்' ஸ்தாபனத்துக்கு ரமோன் மகசேசே விருது கிடைத்தது. இந்தியாவில் தனிமனிதர்கள் பலர் வாங்கியிருக்கிறார்கள், ஒரு ஸ்தாபனம் வாங்குவது இதுவே முதல் தடவை என்றார்கள். விருதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது அவர்கள் பிற்பாடு தொடங்கிய இன்னொரு வேலை: பதினைந்திலிருந்து இருபத்தொன்பது வயது வரை உள்ள, விட்டுப்போன பெண்களைத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாவது எழுதவைப்பது. இதில் தகப்பனிடம் பேசினால் போதாது. கணவன், மாமியார், கைக்குழந்தை. முக்கியமாக அவளிடமே பேசவேண்டும், அவள் வேண்டாம் என்றும் சொல்லலாம். ஏழு வயதுக் குழந்தையைச் சேர்த்தபோது யாரும் அவளைக் கேட்டிருக்கமாட்டார்கள். கேட்கவேண்டியதில்லை என்றுதான் நானும் சொல்வேன். இருபத்தைந்து வயதுக்காரியிடம் கேட்காமல் முடியாது. 'நன்மை' என்று நாம் சொல்வது, அதை ஏற்கவோ தள்ளவோ கூடியவளின் முன்னால் வந்து நிற்கிறது.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது அக்காவிடம் இதையெல்லாம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். வட்டி சங்கதியில் அவளுக்குச் சுவாரஸ்யமில்லை, 'பணம் போட்டவன் கேக்கத்தானே செய்வான்' என்றாள். சீட்டுப் போட்டு இரண்டாகப் பிரித்ததைச் சொன்னபோது மட்டும் கை நின்றது.

'அந்த மத்த ஊர்ப் பிள்ளைகளுக்கும் வருஷா வருஷம் பரீட்சை உண்டா?'

'உண்டு.'

'திருத்தி, பேப்பரையாவது அதுங்க கையில குடுத்தாங்களா?'

பேப்பர் கிடையாது அக்கா, வாசிக்கச் சொல்லிக் கேட்பார்கள், அவர்களே குறித்துக்கொள்வார்கள் என்றேன்.