எண்ணிப் பார்க்கும் கடமை

தன் செயலைத் தானே எண்களால் அளந்து திருத்திக்கொள்வது நற்பண்பா, அன்றி ஒரு வகை நோயா? இன்று நம் இல்லங்களில் வீடியோ விளையாட்டில் ஆழ்ந்திருக்கும் இளைஞர்களைக் காணுங்கால் இவ்வினா நமக்குள் எழுகின்றது.

1998-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிளிஸார்ட் நிறுவனம் வெளியிட்டு, தென்கொரியாவில் பெரும்புகழ் பெற்றது ஸ்டார்கிராஃப்ட் என்னும் போர்த்தந்திர விளையாட்டு. 2010-இல் அதன் இரண்டாம் பாகம் வந்தது. சதுரங்கத்தைப் போல இதில் முறைவைத்து ஆடுவதில்லை. இருவரும் ஒரே நேரத்தில் தாதுக்களை ஈட்டிப் படை திரட்டிப் பொருதுவர். ஆட்டம் முடிந்ததும் ஒரு கணக்கு அட்டவணை தோன்றும். தோற்றவன் எதிரியின் படைவலிமையைக் காரணம் காட்டுவான். அட்டவணையோ, படை வேண்டியிருந்த வேளையில் அவனது செல்வம் செலவிடப்படாமல் முடங்கிக் கிடந்ததைக் காட்டிவிடும். வெற்றி தோல்விகளின் எண்ணிக்கை இதனை உணர்த்தாது. சமவலிமையுள்ளோரையே எதிரெதிரே நிறுத்தும் ஏற்பாடு இருப்பதால், தேர்ச்சி பெற்றவனும் ஏறத்தாழப் பாதி ஆட்டங்களில் தோற்கவே செய்வான். ஆதலின் முன்னேற விழைவோன் தன் குறைகளின் கணக்கையே நாட வேண்டும்.

ஹிஜ்ரி 505-இல் (கி.பி. 1111) மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது 'இஹ்யா உலூமித்தீன்' நூலில் நஃப்ஸை ஒரு வணிகக் கூட்டாளிக்கு ஒப்பிட்டார்கள். முதலில் அதனோடு நிபந்தனை செய்துகொள்ள வேண்டும். பின்னர் கண்காணிக்க வேண்டும். அதன்பின் கணக்குக் கேட்க வேண்டும். இக்கணக்குக் கேட்டலே முஹாஸபா. இவ்வரிசையில் நிபந்தனை முதலில் நிற்பதை நாம் கவனித்தல் வேண்டும். எதை எண்ணுவது, எதற்காக எண்ணுவது என்று முன்னரே துணியாதவனை எண்களே வழிதவறச் செய்துவிடும்.

இதற்கும் அவ்விளையாட்டிலேயே சான்று உண்டு. ஆடுவோன் நிமிடத்திற்கு எத்தனை கட்டளைகள் இடுகிறான் என்பதும் அதில் கணக்கிடப்படுகிறது. அவ்வெண்ணை உயர்த்த விரும்பிப் பயனற்ற கட்டளைகளை மளமளவென அழுத்துவோர் உளர். எண் உயரும், ஆட்டம் உயராது. அளவுகோலையே இலக்காக்கினால் அது அளக்கும் தன்மையை இழந்துவிடும் என்னும் கருத்து, 1975-இல் இதனைப் பொருளியலில் எடுத்துரைத்த ஆங்கில அறிஞர் சார்லஸ் குட்ஹார்ட்டின் பெயரால் இன்று வழங்குகிறது. விரல் தஸ்பீஹ் மணிகளை உருட்ட, உள்ளம் கடைத்தெருவில் உலவுவதும் இத்தகையதே அன்றோ? இன்னும் சிலர், எட்டிய தரம் குறைந்துவிடுமோ என அஞ்சி ஆடுவதையே நிறுத்திவிடுகின்றனர். கற்க உதவிய எண் கற்பதைத் தடுக்கும் எண்ணாகிவிடுகிறது.

எனவே எண் தன்னளவில் நன்றும் அன்று, தீதும் அன்று. குறையை அறிந்து திருந்தும் நிய்யத்தோடு நோக்குவோனுக்கு அது ஆசான். பெருமைக்காக நோக்குவோனுக்கு அது மயக்கம்.

பெற்றோருக்கு ஒரு சொல். விளையாட்டுகள் பலவும், ஒருவன் அவற்றில் கழித்த மணிகளின் தொகையையும் காட்டுகின்றன. மற்ற எண்களையெல்லாம் நுணுகி ஆராயும் பிள்ளை இவ்வெண்ணைக் கடந்து செல்கிறான். வாழ்நாளையன்றி நமக்கு வேறு முதல் இல்லை என்பதே இமாமவர்களின் வணிகக் கணக்கின் அடிப்படை. பிள்ளையைக் கடிந்து பயனில்லை. கணக்குப் பார்க்கும் பழக்கம் அவனிடம் ஏற்கெனவே உள்ளது. அந்த ஒரு வரியையும் அதில் சேர்த்துக்கொள்ளுமாறு அன்போடு கேட்போம். நாமும் நம் ஏட்டில் அதனைச் சேர்த்துக்கொண்டு கேட்போமாக.