கால் படும் இடம்

மாரிகாலத்தில் திருகோணமலைக் கடலுக்குள் இறங்க முடியாது. வாடைக்காற்று அலையைக் கிளப்பிவிடும், வள்ளங்கள் கரையேறிவிடும். அப்படியொரு மார்கழி இரவில்தான் அக்காவின் மகன் கணினித் திரையில் எனக்குக் கடலைக் காட்டினான். 2020இல் வெளிவந்த ‘பியொண்ட் புளூ’ என்ற விளையாட்டு. சுட்டு வீழ்த்த எதிரி இல்லை. சுழியோடியாக நீந்திப்போய், எதிர்ப்படும் உயிர்களைக் கருவியால் ஆராய்ந்து, அவற்றின் பெயரையும் இயல்பையும் அறிவதே வேலை. ஸ்பெர்ம் திமிங்கிலக் குடும்பமொன்றைப் பின்தொடர்ந்து கதை செல்கிறது.

“மாமா, இது எங்கட கடலிலயும் இருக்குதா?” என்று கேட்டான்.

இருக்கிறது. எங்கள் துறைமுக வாயிலை ஒட்டியே ஆழ்கடல் பள்ளத்தாக்கு ஒன்று இறங்குகிறது. ஆழம் கரைக்கு இவ்வளவு அருகில் இருப்பதால், அடியில் கணவாய் தேடும் ஸ்பெர்ம் திமிங்கிலங்களும் நீலத் திமிங்கிலங்களும் இந்தப் பக்கம் வருகின்றன. கோணேசர் கோயில் மலையில் சிறுவயது முதல் நின்று கும்பிட்டவன் நான். கடலின் மேற்பரப்பைத் தாண்டி என் கண் போனதில்லை. பாரை, சீலா, விளைமீன் என்று எனக்குத் தெரிந்த பெயர்களெல்லாம் சந்தையில் விலையோடு சேர்த்துப் படித்தவை. விலைபோகாத ஓர் உயிரையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசையை அந்த விளையாட்டுத்தான் தந்தது.

வைகாசியில் கடல் அடங்கியதும் இருவரும் நிலாவெளியிலிருந்து புறாமலைக்குப் போனோம். 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் ஆக்கப்பட்ட சிறுதீவு அது. முகமூடியை மாட்டித் தலையைத் தாழ்த்தினேன். முதலில் என் மூச்சுச் சத்தம் மட்டுமே கேட்டது. அது சீரானபின், கிளிமீன் முருகைக்கல்லைக் கொறிக்கும் ஒலி. செட்டை நுனி கறுத்த சுறா ஒன்று என்னைப் பொருட்படுத்தாமல் கடந்தது. பயத்தில் காலை ஊன்றினேன். பட்டென்று ஏதோ முறிந்தது.

மான்கொம்பு போல் கிளைத்த முருகைக்கல். முறிந்த இடம் சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தது. மிகச் சிறிய உயிர்கள் சேர்ந்து வருடக்கணக்கில் கட்டிய வீட்டை ஒரு நொடியில் உடைத்துவிட்டேன். தவறி நடந்ததுதான், ஆனாலும் உடைந்தது உடைந்ததுதான்.

திரையில் எங்கு உலவினாலும் எதுவும் உடையாது. கண்ணைப் பழக்கிய அந்த விளையாட்டு காலைப் பழக்கவில்லை; பழக்கவும் இயலாது. மனிதர்களிடமும் இப்படித்தான் நடந்துகொள்கிறோம் என்று திரும்பும் வழியில் தோன்றியது. அன்போடுதான் நெருங்குகிறோம். நெருங்கிய இடத்தில் தடுமாறினால், ஊன்றிக்கொள்ள அகப்படுவது அவர்களுடைய மென்மையான இடமாகவே இருந்துவிடுகிறது. ஒன்றை நேசிக்க அதை அறிந்திருந்தால் மட்டும் போதாது. அதன்மேல் நம் பாரத்தை இறக்காமல் அருகில் இருக்கவும் தெரிய வேண்டும்.

பிறகு உப்புவெளியின் வெறும் மணற்கரையில், இந்த வயதில், காலூன்றாமல் மிதக்கப் பழகினேன். புறாமலைக்குப் போகிறவர்களிடம் கேட்பதும் அதுதான்: முதலில் மணற்கரைக் கடலில் மிதக்கப் பழகுங்கள். அதன்பிறகு முருகைக்கற்களைப் பார்க்கப் போங்கள்.